என் மணிக்கட்டு கூவியது குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜனாப் அப்துல் ஹமீது அவர்களுக்கு, செங்காங்கிலிருந்து ஹனீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நான், என் வீட்டுக்காரி, மகள் சாதியா மூவரும் சுகம். என் இடது மணிக்கட்டு மட்டும் சற்று வீங்கியிருக்கிறது, காரணம் கீழே வருகிறது. தாங்களும் தங்கள் துணைவியார் பதுருன்னிசா அவர்களும் மாப்பிள்ளை அர்ஃபானும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். நான் அனுப்பிய நான்கு வாட்ஸ்அப் செய்திகளிலும் நீல டிக் விழுந்துவிட்டது, பதில்தான் விழவில்லை. ஆகவே தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

பதினோரு நாளைக்கு முன்பு பூன் லேயில் தங்கள் வீட்டு விருந்தில் நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. சாப்பிட்டு முடித்து, நிக்காஹ் தேதி குறிக்கும் முன் தாங்கள் கையேந்தி துஆ ஓதத் தொடங்கிய நேரம் பார்த்து என் சட்டைக் கைக்குள்ளிருந்து கீக் கீக் என்று சத்தம் வந்தது. அதை அமுக்கப் போய் நான் வேறெதையோ அமுக்க, சத்தம் நிற்காததோடு மற்றொரு கையில் விளக்கும் எரிந்தது. "போன் வந்துடுச்சு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நான் தங்கள் சமையலறைக்குள் ஓடினேன். என் போன் அப்போது மேசைமேல் எல்லாருடைய கண்ணெதிரிலும் கிடந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அப்போது பதுருன்னிசா அவர்கள், "சம்பந்திக்கு ஏதோ அவசரம் போல, அலாரம் வச்சுக்கிட்டு வந்திருக்காங்க. பிரியாணிய கட்டிக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. தேதி குறிக்காமலே கலைந்தோம். சம்பந்தி, அது அலாரம் இல்லை. சத்தியமாக இல்லை. அது தங்கள் மகனுக்கு நாங்கள் போடப்போகும் கைக்கடிகாரம்.

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டுவது நம்மிடையே உள்ள வழக்கம். நிக்காஹ் அன்று சபையில்தான் அதை எல்லாரும் முதலில் பார்க்க வேண்டும் என்பதால் அன்றைக்கு வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். ஜாலான் புசார் கடையொன்றில் தங்கமுலாம் பூசிய ஒன்றை நான் பார்த்து வைத்திருந்தேன். சாதியாதான் "அவருக்கு அதெல்லாம் வேணாம் வாப்பா, டைவ் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்க" என்றாள். கடலுக்குள் மூழ்குகிறவர்கள் கையில் கட்டுவது அது. எத்தனை மீட்டர் ஆழம், இறங்கி எத்தனை நிமிடம், இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் எல்லாவற்றையும் அது சொல்லும். விறுவிறுவென்று ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி ஆளையே முடித்துவிடுமாம். சாதியா இதையெல்லாம் கடகடவென்று ஒப்பித்தாள். எங்கே படித்தாய் என்றேன். யூடியூப் என்றாள்.

தங்களுக்குத் தெரியும், நான் முப்பத்தோரு வருடம் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்தவன். ஓர் உயிர் நம்பி இறங்குகிற கருவியைக் கடைக்காரன் வாயைக் கேட்டு வாங்கிவிட என் மனம் ஒப்பவில்லை. எங்கள் பிளாக்கில் குடியிருக்கும் சேவியர், துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைச் சோதிக்கும் முக்குளிப்பவர், இரண்டு கருவிகளை இரவல் தந்தார். மூன்றாவதை ஆபீஸ் தோழியிடம் கேட்டு வாங்கினேன் என்று சாதியா கொண்டுவந்தாள். மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே ஆளின் கையில் கட்டிப் பார்த்தால்தான் நியாயமான ஒப்பீடு. இடது கையில் இரண்டு, வலது கையில் ஒன்று, பத்து நாள், முழுக்கைச் சட்டைக்குள். மணிக்கட்டு வீங்கியது இதனால்தான். "இது கையா, கடிகாரக் கடையா?" என்று என் வீட்டுக்காரி கேட்டதைப் பொருட்படுத்தவில்லை.

முதலாவது, வண்ணத்திரை. வெயிலிலும் பளிச்சென்று தெரியும், மூக்குக் கண்ணாடி இல்லாமலே படித்தேன். திசை காட்டும், இதயத் துடிப்பு எண்ணும், போனுக்கு வரும் செய்தியையும் படித்துக் காட்டும். முக்குளிக்கிற மனுஷனுக்கு அங்கே எதற்கு வாட்ஸ்அப் என்று தெரியவில்லை. ஆனால் போனைப் போலவே நாலைந்து நாளைக்கொரு முறை சார்ஜ் போட வேண்டும், மறந்தால் பசித்த பிள்ளை மாதிரி கத்தும். தங்கள் வீட்டில் கத்தியது இதுதான். இரண்டாவது ஆமைவடை அளவு, அழகு கிடையாது, சாம்பல் திரையில் கறுப்பு எண்கள். ஆனால் என்ன எண்கள்! கை நீட்டினால் எதிர்வீட்டுக்காரர் படிக்கலாம். பேட்டரி ஒரு வருடத்துக்கு மேல் வரும், தீர்ந்தால் பின்மூடியைக் காசு வைத்துத் திருகி நாமே மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, சாதியா கொண்டுவந்தது, சாதாரணக் கடிகாரம்போல் ஒல்லி. முதுகில் கட்டிய சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்பதைக்கூடக் கம்பியில்லாமல் காட்டுமாம். ஆனால் பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறையும் கடைக்கு அனுப்ப வேண்டும், எழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி. என் கண்ணுக்கு எட்டவில்லை, ஆகவே அதன் திரையின் உள்பக்கங்களைத் தள்ளிப் பார்க்காமலே விட்டேன்.

தண்ணீரில் சோதிக்காமல் சான்று தரக்கூடாது என்பதற்காகச் செங்காங் நீச்சல்குளத்துக்கும் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, முப்பது முறை ஆகியிருக்கும். உயிர்காப்பாளர் தம்பி சின்னராசு ஓடிவந்து, "அங்கிள், ஓகேயா? என்ன லா பண்றீங்க?" என்றார். "ரீடிங் எடுக்கிறேன்" என்றேன். அவர் அங்கிருந்து நகரவே இல்லை. கரையேறிப் பார்த்தால் முதலாவதின் திரையில் ஒரு விமானம், அதன் குறுக்கே கோடு. முக்குளித்த பிறகு உயரத்துக்குப் போகக்கூடாது என்று அதற்குப் பொருளாம். எனக்கு விமானப் பயணம் ஏதுமில்லை. ஆனால் என் வீடு பதினான்காம் மாடியில் இருக்கிறது. கருவி சொல்வதை மீறுகிறவன் எதற்கு அதைக் கட்ட வேண்டும்? ஈரத்துண்டோடு கீழ்த்தளத்தில் சதுரங்க மேசையருகே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிநேரம் கழித்து என் வீட்டுக்காரி இறங்கிவந்து, சேவியருக்குப் போன் போட்டுக் கொடுக்க, "ஹனீபா பாய், லிஃப்ட்ல போனா ஒண்ணும் ஆகாது, தயவுசெஞ்சு மேல போங்க" என்று அவர் வாயால் சொன்ன பிறகே ஏறினேன்.

ஆக, என் தீர்ப்பு இரண்டாவது. அழகில்லாவிட்டாலும் பொய் சொல்லாது, பாதியில் அணையாது. கடையில் புதிதாக ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். இந்த ரகசியத்தை மாப்பிள்ளையிடம் சொல்லாமல் பதுருன்னிசா அவர்களிடம் மட்டும் சொல்லி, என்மேல் உள்ள மனத்தாங்கலைப் போக்க வேண்டுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் விட்டால் எனக்கு உறக்கம் வராது. நிக்காஹ் முடிந்ததும் தியோமான் தீவுக்குப் போவதாகவும் சாதியாவையும் கடலுக்குள் கூட்டிப்போவதாகவும் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. பாத்தாம் தீவுக்குப் போகிற படகில்கூட நடு இருக்கையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறவள். இந்தக் கருவிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, கீழே என்னென்ன கெட்டுப்போகலாம் என்பதுதான் எனக்கு மனப்பாடமாகியிருக்கிறது. பயமாக இருக்கிறது சம்பந்தி. அவளைத் தண்ணீருக்குள் இறக்க மாட்டேன் என்று தங்கள் மகனிடம் ஒரு வாக்கு வாங்கித் தாருங்கள். இதைத் தவிர நாங்கள் நிபந்தனை ஏதும் வைக்கவில்லை. தங்கள் பதில் வந்த அன்றே தேதி குறிக்க வருகிறேன், வெறுங்கையோடு.

தங்கள் இல்லத்தில் அல்லாஹ் பரக்கத்தை நிறைத்து வைப்பானாக. பெரியவர்களுக்கு என் ஸலாமும் மாப்பிள்ளைக்கு என் துஆவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாக விரும்பும்,
ஹனீபா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மூன்றாவது கருவியைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். எந்த மீட்டரை விட்டு நகரும் முன்னும் கடைசி ரீடிங்கைக் குறித்துக்கொள்வது என் பழக்கம். பழைய பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினேன். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் சாதியா ஹனீபா என்று இருக்கிறது. நான் நீச்சல்குளத்தில் உட்கார்ந்து எழுந்ததைக் கழித்தால் மொத்தம் நாற்பத்தொரு தடவை இறங்கியிருக்கிறாள். அதிக ஆழம் இருபத்தொன்பது மீட்டர், அது நடந்த நாள், ஆபீஸ் பயிற்சிக்கு மலாக்கா போகிறேன் என்று சொல்லிப் போன அதே சனிக்கிழமை. அன்று நான் இடியாப்பமும் குடையும் கட்டிக் கொடுத்தேன். கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னா விடமாட்டீங்க வாப்பா" என்றாள். மாப்பிள்ளை எத்தனை தடவை என்றேன். "ஆறு. அவருக்குப் பயம், நான்தான் கையப் பிடிச்சு எறக்குறேன்" என்றாள். கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் கண் மறுபடி திரைக்குப் போய்விட்டது. நாற்பத்தொரு தடவையும், மேலே வரும் முன் கருவி சொன்னபடி ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றிருக்கிறாள். ஒரு தடவைகூட அவசரப்பட்டு ஏறவில்லை. ஒரு எச்சரிக்கைகூட விழவில்லை. என் முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான ரீடிங்கை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. எழுதிய ரீடிங்கை அடித்துத் திருத்துவது எங்கள் வேலையில் குற்றம் என்பதால் மேலே உள்ளதை அப்படியே விட்டிருக்கிறேன், ஆனால் நான் கேட்ட வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக நான் ஒரு வாக்குத் தருகிறேன், பதுருன்னிசா அவர்களிடம் சொல்லுங்கள்: தங்கள் மகனைப் பத்திரமாக மேலே கூட்டிவருவது எங்கள் பெண்ணின் பொறுப்பு. ஒவ்வொரு தடவையும் கரையேறியதும் எனக்கு ரீடிங்கை அனுப்பிவிட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேருடையதையும்.