நாடாவை இறுக்கிவிட்டு ஓர் உதை

அச்சுச் சீடரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சமையலோ சங்கீதமோ, எதைக் கற்கப் போனாலும் முதல் வரிசையில் நின்று, குரு கையைத் தூக்கினால் தூக்கி, இறக்கினால் இறக்கி, அவர் தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்வார். ஏன் என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டால் குருவுக்கு மரியாதைக் குறைவாம்!

நான் பார்த்தவர்களில் முதலிடம் நைனார்பாளையம் இளவரசனுக்குத்தான். ரைஸ்மில் களத்தில் தைரியநாதன் மாஸ்டர் கராத்தே சொல்லிக்கொடுத்த காலம் அது. மாஸ்டருடைய கால்சட்டை நாடா அடிக்கடி தளரும். அதனால் ஒவ்வோர் உதைக்கும் முன்னால் நாடாவை இறுக்கி, தொண்டையைச் செருமி, பிறகுதான் காலைத் தூக்குவார். இளவரசனும் இறுக்கினார், செருமினார், தூக்கினார். அவருடைய நாடா நன்றாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன?

கூடவே பயின்ற தங்கை அம்சவள்ளி வேறு ரகம்.

“மணிக்கட்ட புடிச்சா ஏன் மாஸ்டர் இந்தப் பக்கமா திருப்பணும்?”

“கட்டவெரலு பக்கந்தாம்மா புடி கம்மி. அங்கதான் வுட்டுப்போவும்.”

“கேட்டுக்கினே இருந்தா எப்பதான் கத்துக்குவ?” என்று அண்ணன் அதட்டினார்.

எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையில் மரங்கள் விழுந்தன, பஸ் நின்றது. ஓரளவு அடங்கியும் பஸ் வராத ஒரு நாளில் அம்சவள்ளிக்குக் கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் பரீட்சை. அவளுடைய சைக்கிளில் அவளைக் கேரியரில் உட்காரவைத்து அண்ணன் மிதித்தார். குறுக்கே கிடந்த புளியமரத்தைத் தாண்டிச் சைக்கிளை இறக்கியபோது ஒருவன் ஹேண்டில்பாரைப் பிடித்தான். போராட்டத்துக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆளில்லாத சாலையை நம்பி வந்தவன்.

“சைக்கிள வுட்டுட்டு போய்க்கினே இரு.”

சைக்கிள் போனால் பரீட்சையும் போச்சு. இளவரசன் முன்னால் வந்தார். கால்களை அகட்டினார். இடுப்பில் கைவைத்தார். அன்றைக்கு அவர் கட்டியிருந்தது வேட்டி. நாடாவுக்கு எங்கே போவது?

“அண்ணே, இன்னா தேடற?”

“இரு, ஆரம்பிக்க வேணாமா?”

அதற்குள் அவன் சைக்கிளை இழுக்க, அம்சவள்ளி குறுக்கே பாய, அவன் அவள் மணிக்கட்டைப் பிடிக்க, அவள் அவன் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி வெடுக்கென்று உருவ, இழுத்துக்கொண்டிருந்த வேகத்தில் அவன் புளியங்கிளைகளுக்குள் மல்லாந்தான். எழுந்து ஓடினான். நேரமாகிவிட்டதென்று அவள் தானே ஏறி மிதித்தாள். மணியடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தாள், தேறியும் விட்டாள். அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான்.

இளவரசன் நடந்து ஊர் திரும்பினார். மறுநாள் களத்தில், “நான் செருமினதுலயே பயந்து ஓடிட்டான் மாஸ்டர்” என்றார். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். உடனே இளவரசனும் பயபக்தியோடு சொறிந்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். எதையும் ஏன் என்று கேட்டுத்தான் செய்வீர்கள். சரி, மாஸ்டர் தலையைச் சொறிந்தார் என்று படித்தீர்களே, இப்போது உங்கள் கை எங்கே இருக்கிறது?