முக்காலிக்கு நாற்பத்திரண்டு எச்சரிக்கைகள்

முக்காலிக்கு மூன்று கால்கள் இருக்க வேண்டும் என்பதில் அதுவரை எந்த அரசாங்கத்துக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த தச்சரும் இருபத்தாறு வருஷமாக அந்த மூன்று கால்களை நம்பித்தான் பிழைத்துவந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை பொருள் பாதுகாப்பு அதிகாரி பட்டறைக்கு வந்தார். கூடவே அவருடைய குமாஸ்தா. குமாஸ்தாவின் கையில் ஒரு முக்காலி.

"இது நீங்க செஞ்சதா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். நல்லா இருக்கா?"

"இதுமேல ஏறி, அலமாரி உச்சியில பெட்டி வைக்கப் போன ஒருத்தர் கீழ விழுந்துட்டார். கணுக்கால் சுளுக்கு."

"அடப்பாவமே! நான் உட்காரத்தானே சார் செஞ்சேன்?"

"உட்காரத்தான்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

தச்சர் முக்காலியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கும் எழுதியிருக்கவில்லை.

அதிகாரி புதிய சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் பொருளில் குறை இருந்தது என்று அடிபட்டவர் நிரூபிக்க வேண்டும். அடிபட்ட உடம்போடு அது அவருக்குச் சிரமம். எனவே, குறை இல்லை என்று இனிமேல் செய்தவர்தான் நிரூபிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் பட்டறைக்குச் சீல்.

"இல்லாததை எப்படி சார் காட்டுறது?"

"அதுக்குத்தானே நாலு நாள் கொடுத்திருக்கோம்!"

அதிகாரி வெளியே போனதும், இளகிய மனசுக்காரரான குமாஸ்தா தச்சரின் காதோரம் வந்தார். "ஒரு வழி இருக்குண்ணே. ஜனங்க இதை வெச்சு என்னென்ன கோணங்கித்தனம் பண்ணுவாங்கன்னு முன்னாடியே யோசிங்க. எல்லாத்தையும் 'செய்யாதீர்'னு எழுதி ஒட்டிடுங்க. சார் ஒத்துக்குவார்."

அன்று மாலை தச்சரும் மனைவியும் எழுத உட்கார்ந்தார்கள். ஏறாதீர். எட்டாததை எட்டாதீர். ஒற்றைக் காலில் நிற்காதீர். அதற்குமேல் தச்சருக்கு ஓடவில்லை.

"உங்க தம்பி வந்தா இதை என்ன பண்ணுவார்னு நினைச்சுக்கோங்க, தானா வரும்" என்றாள் மனைவி.

வந்தது. தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டாதீர் என்பது உட்பட, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நாற்பத்திரண்டு ஆகிவிட்டது.

சட்டப்படி ஒவ்வோர் எழுத்தும் சுண்டுவிரல் உயரம் இருக்க வேண்டும். முக்காலியின் பலகையில் ஏழு எச்சரிக்கைக்குத்தான் இடம் இருந்தது. தச்சர் பலகையை அகலமாக்கினார். அகலப் பலகையை மூன்று கால்கள் தாங்கவில்லை, ஆறாக்கினார். வியாழக்கிழமை பட்டறையின் நிலைக்கதவைக் கழற்றித்தான் முக்காலியை வெளியே எடுக்க முடிந்தது.

"இது கட்டில். கட்டில் பிரிவுக்குப் போங்க" என்றார் ஆபீஸில் அதைப் பார்த்த அதிகாரி.

"முக்காலி சார்."

"ஆறு கால் இருக்கே?"

"உங்க எழுத்தையெல்லாம் தாங்கணுமே சார்!"

'படுக்காதீர்' என்ற முப்பத்தேழாவது எச்சரிக்கையைச் சுட்டிக்காட்டி, இது கட்டில் அல்ல என்று கட்டில் பிரிவு திருப்பி அனுப்பியது.

வெள்ளிக்கிழமை அதிகாரி நாற்பத்திரண்டையும் வாசித்துத் திருப்தி அடைந்தார். ஒப்புதல் அளிக்கப்பட்ட பொருளில் பித்தளைத் தகடு பொருத்த வேண்டும் என்பது விதி. தகட்டை வைத்துத் தம் கையாலேயே ஆணி அடித்தார். மூன்றாவது ஆணியில் பலகை கீறல் விட்டது.

"சார், போதும் சார், பிளந்துக்கும்!" என்று பதறினார் தச்சர்.

"விதியில நாலு ஆணி" என்று நான்காவதையும் அடித்தார் அதிகாரி. பிறகு குமாஸ்தாவைப் பார்த்து, "உட்கார்ந்து காட்டுப்பா" என்றார்.

குமாஸ்தா உட்கார்ந்தார். அடுத்த நொடி அவர் தரையில் கிடந்தார், பலகை இரண்டு துண்டாகக் கிடந்தது.

"பட்டறைக்குச் சீல் வை!" என்றார் அதிகாரி.

குமாஸ்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, படுத்தவாறே சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒன்பதாம் பிரிவு சார். ஒரு பொருளை மாத்தி அமைச்சவர்தான் அதோட உற்பத்தியாளர். ஆணி அடிச்சது நீங்க. வைக்கிறதா இருந்தா நம்ம ஆபீஸுக்குத்தான் சீல் வைக்கணும்."

அதிகாரி ஜன்னல் பக்கம் போய்ச் சற்று நேரம் யோசித்தார். திரும்பி வந்து ஒரு சுற்றறிக்கை எழுதினார்:

'மாற்றி அமைப்பவரே உற்பத்தியாளர் என்பதால், உட்கார்ந்து ஒரு பொருளின் எடையை மாற்றுபவரும், சுவிட்சைப் போட்டு அதன் நிலையை மாற்றுபவரும், அந்த நொடி முதல் அதன் உற்பத்தியாளராகவே கருதப்படுவர்.'

"அப்போ நான்?" என்றார் குமாஸ்தா.

"அடிபட்டதும் நீ, செஞ்சதும் நீ. உங்களுக்குள்ள பேசிச் சமாதானமாப் போங்க."

பட்டறை தப்பியது. தச்சர் சுற்றறிக்கையில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, அதைத் தெருவெல்லாம் படித்துக் காட்டினார். "இனிமே எவன் விழுந்தா நமக்கென்ன!" என்று மூன்று கால் முக்காலிகளைப் பழையபடி செய்யத் தொடங்கினார்.

அடுத்த வாரம் ஒரு நாள் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது பொசுங்கிய நாற்றம் அடித்தது. மனைவியின் ஒரு கையில் அவருடைய நல்ல சட்டை. முதுகில் பெரிய ஓட்டை. மறு கையில், போன மாதம் வாங்கிய இஸ்திரிப் பெட்டி.

"கடைக்குப் போய்க் கேட்டியா?" என்று கொதித்தார் தச்சர்.

"போனேன். ஏதோ சுற்றறிக்கையாம், கடைக்காரர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கார். 'சுவிட்சைப் போட்டது யாரும்மா?'ன்னு கேட்டார். நான்தான்னேன்."

"அதுக்கு?"

"'செய்யத் தெரியாத பொருளை ஏம்மா செய்றீங்க?'ன்னு திட்டி அனுப்பிட்டார்."