மாப்பிளைக் காருக்கு மலிவு ஸ்பிரிங்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை, காருக்கு முன் ஸ்பிரிங் மாத்திறது.

என்ரை கார் எழுபதுகளிலை செய்த, ரெண்டு கதவு வச்ச, எட்டுச் சிலிண்டர் வி-எய்ட். ஸ்ரார்ட் பண்ணினா தெருவே திரும்பிப் பாக்கும். நான் அதை என்னிலை உள்ள மதிப்பெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். காது வலிக்குதெண்டு பாக்கினமாம். இது மனுசி சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மனுசியின்ரை தம்பி நிரோசனுக்குக் கலியாணம். உங்கடை காரிலைதான் மண்டபத்துக்கு வருவன் எண்டு அவன் கேட்டிட்டான். அந்தச் சந்தோசத்திலை என்ரை மூளை கழண்டு விழுந்ததை நான் கவனிக்கேல்லை.

காரிலை ஒரு பிரச்சினை. வளைவிலை திரும்பேக்கை வள்ளம் மாதிரி ஒரு பக்கம் சரியும். மெக்கானிக்கிட்டைக் கேட்டன். முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங், ஷொக், றப்பர் புஷ் எல்லாத்தையும் சேத்து மாத்தவேணும், இல்லாட்டி தொடவேண்டாம் எண்டார். விலையையும் சொன்னார். அவர் கள்ளன் எண்டு நான் உடனை முடிவெடுத்திட்டன்.

பேந்து ஒன்லைனிலை தேடினன். ஒருத்தன் பாவிச்ச முன் ஸ்பிரிங் ரெண்டு விக்கிறான். கட்டையான ஸ்பிரிங், போட்டா கார் பதிஞ்சு நிக்கும், வளைவிலை தண்டவாளத்திலை போற மாதிரிப் போகும் எண்டான். அப்பிடியெண்டா நீ ஏன் விக்கிறாய் எண்டு கேக்கிற அளவுக்கு எனக்கு அறிவிருந்தா நான் அந்தக் காரையே வாங்கியிருக்கமாட்டன்.

பின் ஸ்பிரிங் அவனிட்டை இல்லை. பரவாயில்லை, முன்னுக்குத்தானே எஞ்சின் இருக்கு எண்டு எனக்கு நானே விளக்கம் குடுத்தன். கேக்க ஆளில்லாட்டி நான் பெரிய எஞ்சினியர்.

வீடியோவிலை ஒருத்தர் இந்த வேலையை வெள்ளைச் சேட்டோடை, சிரிச்சுக்கொண்டு செய்து முடிச்சார். எனக்கு முதல் நட்டைக் கழட்டவே மத்தியானம் ஆச்சுது. பின்னேரம் ஜாக்கை இறக்கிப்போட்டுத் தள்ளி நிண்டு பாத்தன். கார் முன்னுக்குக் குனிஞ்சு, பின்னுக்குத் தூக்கிக்கொண்டு நிக்குது.

மனுசி துளசி வந்து கொஞ்ச நேரம் பாத்தா.

"உதென்ன, எதையோ விழுத்திப்போட்டுத் தேடுற மாதிரி நிக்குது?"

இதைத்தான் ஸ்ரைல் எண்டு சொல்லுறது, உமக்கு விளங்காது எண்டன். அந்த வசனத்தை இப்ப வீட்டிலை எல்லாரும் பாவிக்கினம். சோறு அடிப்பிடிச்சாலும் ஸ்ரைல்தான்.

ஓடிப் பாத்தன். ட்ருகனினாவிலை எங்கடை பக்கம் ரோட்டெல்லாம் புதுசு, கண்ணாடி மாதிரி. வளைவிலை கார் சரியவே இல்லை. மெக்கானிக்கை நினைச்சுச் சிரிச்சன். காரிலை நான் மட்டுந்தான் இருந்தனான் எண்ட சின்ன விசயம் அந்த நேரம் மண்டையிலை ஏறேல்லை.

ஞாயிறு காலமை முன் சீற்றிலை தலைப்பாகையோடை நிரோசன். பின் சீற்றிலை மாப்பிளைத் தோழன், பக்கத்திலை மாமி, அதாவது நிரோசன்ரை தாய், அவவின்ரை மடியிலை பெரிய பழத்தட்டு. ரெண்டு கதவுக் காரின்ரை பின் சீற்றிலை மாமியை ஏத்தின கதையை மரியாதைக்காக விடுறன். அவ ஏறி முடிய கார் இன்னும் பதிஞ்சுது. சரியான பவ்வியமான கார் எண்டு நினைச்சுக்கொண்டு வெளிக்கிட்டன்.

வழியிலை இருந்த பெரிய பாலத்திலை ஏறினதும் தொடங்கிச்சுது. ஒவ்வொரு இணைப்பிலையும் டமார். டமாருக்கொருக்கால் நிரோசன்ரை தலைப்பாகை கூரையிலை முட்டும். பாலம் முடியேக்கை அது தலைப்பாகை இல்லை, தோசை. தோழன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு யன்னலுக்கு வெளியாலை பாத்தான்.

டண்டினோங் தாண்டினாப் பிறகு மாமி, "தம்பி, இந்தக் காருக்கு ஸ்பிரிங் எண்டு ஒண்டு இருக்கோ?" எண்டு கேட்டா.

ஓம் மாமி, நேத்துத்தான் புதுசாப் போட்டது எண்டன். அவ பழத்தட்டை இறுக்கிப் பிடிச்சா.

கேரம் டவுன்ஸிலை மண்டப வாசல். நாதஸ்வரம், தவில், ஆரத்தித் தட்டோடை பொம்பிளையள், கமராக்காரன். நடுவிலை ஒரு ஸ்பீட் ஹம்ப், வேகத்தைக் குறைக்க ரோட்டிலை போட்ட மேடு. சாதாரண ஹம்ப். சின்னக் கார்கள் எல்லாம் அதிலை ஏறி இறங்கிக்கொண்டு இருந்தது.

என்ரை முன் ரயர் தாண்டிச்சுது. பிறகு வயிறு அதிலை குந்திச்சுது. கர்ரக் எண்டு ஒரு சத்தம், கார் நிண்டிட்டுது.

புத்தியுள்ளவன் இறங்கிப் பாத்திருப்பான். நான் அக்சிலேற்றரை மிதிச்சன். பின் ரயர் சுத்தி, றப்பர் புகை எழும்பி ஆரத்தி எடுக்க வந்த பொம்பிளையளை மூடிச்சுது. அடியிலை புகைக்குழாய் கழண்டு, கார் டிராக்டர் மாதிரிக் கத்திச்சுது. தவில்காரர் கையை எடுத்திட்டார்.

நேரம் போகுது, எல்லாரும் இறங்குங்கோ எண்டு ஒரு அங்கிள் சொன்னார். நான் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இறங்கினன். நிரோசன் இறங்கினான். கார் அசையேல்லை. தோழன் இறங்கினான். அசையேல்லை. கடைசியா ரெண்டு பேர் கையைப் பிடிக்க மாமி வெளியிலை காலை வச்சா.

கார் மெல்ல எழும்பிச்சுது. ஹம்பை விட்டு உயர்ந்து, தன்ரை பாட்டிலை வாசல் சரிவிலை முன்னுக்கு உருண்டுது. ஹான்ட்பிறேக் போடாத ஆள் ஆரெண்டு நான் சொல்லத் தேவையில்லை. வரவேற்க வந்த சனம் ரெண்டாப் பிரிஞ்சு வழி விட்டுது. கார் தனியாப் போய், வாசலிலை கட்டியிருந்த வாழைமரத்திலை சாஞ்சு நிண்டுது.

எல்லாரும் காரைப் பாத்திச்சினம். பிறகு மாமியைப் பாத்திச்சினம். பிறகு நிலத்தைப் பாத்திச்சினம்.

மாமி என்னைப் பாத்தா.

"நான் பாரம் எண்டு சொல்ல உமக்கு இவ்வளவு சனத்தைக் கூட்டவேணுமே?"

நான் வாயைத் திறந்தன். துளசி தூரத்திலை நிண்டு, திறக்கவேண்டாம் எண்டு கண்ணாலை காட்டினா. மூடினன்.

தாலி நல்ல நேரத்துக்குள்ளை கட்டியாச்சு. தலைப்பாகையை ஒரு அன்ரி ஊசி குத்தி நிமித்திக் குடுத்தா. கார் இழுவை வண்டியிலை அந்த மெக்கானிக்கிட்டையே போச்சுது. அவர் பழைய ஸ்பிரிங்கைக் கொண்டு வரச் சொன்னார். அதை நான் சனிக்கிழமையே பழைய இரும்புக்குக் குடுத்திட்டன்.

கலியாண வீடியோ நேத்து வந்தது. கமராக்காரன், மாமி இறங்கக் கார் எழும்பின இடத்தை மட்டும் மெதுவா ஓடவிட்டு, பின்னாலை கெட்டிமேளம் போட்டிருக்கிறான்.