பதினான்காம் வரிசைப் பூச்சட்டி

தன் மூளையைத் துளிகூட நம்பாத புத்திசாலி என்று விருதுநகர் மாவட்டத்தில் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் தாயக்கட்டை அண்ணாச்சி. எம். புதுப்பட்டியில் நான் குடோன் சூப்பர்வைசராக இருந்த பட்டாசுக் கம்பெனியில் சரக்கைச் சோதிப்பது அவர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பித்தளைத் தாயக்கட்டை இருக்கும். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஆமத்தூர் டீக்கடையில் அதை உருட்டித்தான் தின்பார்: ஒன்று விழுந்தால் வடை, இரண்டு என்றால் பஜ்ஜி, மூன்று என்றால் போண்டா. புள்ளியில்லாத பக்கம் விழுந்தால் பட்டினி. ஒருமுறை தொடர்ந்து மூன்று நாள் வெறும் பக்கமே விழுந்தது. பக்கத்து ஆளின் வடையை அவர் பார்த்த பார்வையில் அந்த ஆளுக்கு வயிற்று வலியே வந்துவிட்டது.

"இன்னொருக்க உருட்டுங்களேன், அண்ணாச்சி" என்றேன்.

"பிடிச்சது விழுற வரைக்கும் உருட்டுறதுக்குக் கட்டை எதுக்குலே? நாக்கே போதுமே."

"பொண்ணு பாக்கயிலயும் உருட்டித்தான் எடுத்தீகளா?"

"அவதாம்லே என்னைய உருட்டி எடுத்தா. என்ன விழுந்திருக்குன்னு நீயே பாரு."

பட்டாசைச் சோதிக்க வேண்டுமானால் கொளுத்த வேண்டும். கொளுத்தியதை விற்க முடியாது. அதனால் சிலதை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். முன்பு இருந்தவர் வாசலோரப் பெட்டிகளையே எடுப்பார். அதைத் தெரிந்துகொண்டு நல்ல சரக்கை வாசலில் அடுக்குவது எங்கள் குடோனில் சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. தாயக்கட்டை அண்ணாச்சி வந்து அந்தச் சாஸ்திரத்தைக் கெடுத்தார். குடோனில் பதினாறு வரிசை. கட்டையை இரண்டு முறை உருட்டுவார்; வெறும் பக்கத்துக்குப் பூஜ்யம். முதலில் விழுந்ததை நாலால் பெருக்கி, அடுத்ததைக் கூட்டி, மேலே ஒன்று சேர்த்தால் வரிசை எண்.

"நான் எதை எடுப்பேன்னு எனக்கே தெரியாது. பெறகு ஒனக்கு எப்படிலே தெரியும்?" என்பார்.

செல்போனிலேயே எண் குலுக்கலாமே என்று கேட்டால், "செல்போனத்தான் வாசல் கேட்டுலயே வாங்கி வச்சுக்கிடுதாகளே" என்பார்.

ஒரு தீபாவளி சீசனில் ஒரு வாரம் மழை. ஒரு நாள் செய்த சரக்கில் பூச்சட்டிகளின், அதாவது புஸ்வாணங்களின், அடியை அடைக்கும் மண் சரியாகக் காயவில்லை. எனக்கு அது தெரியும். ஆர்டர் தவறினால் என் வேலை போய்விடும் என்ற பயத்தில் அந்தப் பெட்டிகளைப் பின்னால், பதினான்காம் வரிசையில் அடுக்கினேன். லாரி வாசலில் நின்றது.

முதலில் மூன்று விழுந்தது. அடுத்து ஒன்று. மூன்று நாலு பன்னிரண்டு, ஒன்று சேர்த்தால் பதின்மூன்று, மேலே ஒன்று: பதினான்காம் வரிசை.

அங்கிருந்து ஒரு பூச்சட்டியை எடுத்துத் திடலில் வைத்துக் கொளுத்தினார். பூ மேலே வரவில்லை. அடியைப் பிய்த்துக்கொண்டு சட்டி படாரென்று வெடித்தது.

முதலாளி ஓடிவந்தார். "இத யாருய்யா அங்கன அடுக்கினது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போனது. என் பெயர் வெளியே வராதபடி வெறும் பக்கம் விழவேண்டும் என்று இருக்கங்குடி மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். கட்டையை எடுக்காமல் கை வெறுமனே வெளியே வந்தது.

"மண்ணு காயிறப்பவே நான் பாத்திருக்கணும், மொதலாளி. ரெண்டு நாள் குடுங்க. இவன வச்சே அம்புட்டுப் பெட்டியையும் பிரிச்சுப் பாத்துருதேன்."

இரண்டு நாளும் நானும் அவரும் குனிந்த தலை நிமிராமல் பெட்டி பிரித்தோம். அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"ஒம் மகளுக்கு வயசென்னலே?"

"ஒம்பது, அண்ணாச்சி."

"பூச்சட்டி கொளுத்துற வயசுதான்" என்று அடுத்த பெட்டியை எடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு என் மகள் எங்கள் கம்பெனிப் பூச்சட்டியைத்தான் கொளுத்தினாள். அது சொரிந்து அடங்குகிறவரை நான் அண்ணாச்சியையே நினைத்துக்கொண்டு நின்றேன்.