சாம்பிளில் உள்ளபடி

பன்னிரண்டாவது தலைக் கிளிப்பும் நேராக வந்துவிட்டது. ரிப்பன் அக்கா அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பக்கத்தில் சாம்பிளை வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் கட்டிய ரிப்பன் பூவில் இரண்டு காதும் ஒரே அளவு, இரண்டு வாலும் ஒரே நீளம், முடிச்சு நட்டநடுவில். சாம்பிளிலோ இடது காது வலது காதைவிட அரை விரல் நீளம். முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு வால் கோணலாக வெட்டப்பட்டு, நுனி கருகியிருந்தது.

"இதுல என்ன அழகைக் கண்டாங்களோ" என்றார் மாமியார், தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டபடி. மேஜை ரிப்பனுக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் எல்லாருக்கும் மடியில்தான் சாப்பாடு.

"அழகு நம்ம வேலையில்ல அத்தை. கேட்டதைக் குடுக்கிறதுதான் நம்ம வேலை."

இந்த ஞானம் அவளுக்குச் சும்மா வரவில்லை. மூன்று ஆர்டர்களைத் தொலைத்த பிறகு வந்தது. ஒருவர் சாதாரண ஹேர்பேண்ட் கேட்டார். மொட்டையாக இருக்கிறதே என்று இவள் முத்து வைத்துக் கொடுத்தாள். இன்னொருவர் இரண்டடுக்கு கேட்டதற்கு நான்கடுக்கு போட்டாள். மூன்றாமவர் கேட்டது வெள்ளை. சீக்கிரம் அழுக்காகிவிடுமே என்ற அக்கறையில் நீலத்தில் செய்தாள். மூன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தன.

அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: நாலாவதும் திரும்பி வந்தால் பசைத் துப்பாக்கி, ரிப்பன், கத்தரி எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவேன், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. இந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

நாலாவது ஆர்டர் டான்ஸ் டீச்சருடையது. ஆண்டு விழாவுக்கு நாற்பது கிளிப். "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு சாம்பிள் குடுத்திருக்கேன், அதே மாதிரி வேணும்" என்று திங்கட்கிழமை போனில் சொன்னார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். டான்ஸ் வகுப்பு நடக்கும் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். மனிதர் மறதிக்காரர், அவளிடம் திட்டு வாங்கவும் பயம். சாம்பிளைப் புதன்கிழமைதான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நல்லவேளையாக, அதே மெரூன் நிறத்தில், அதே அகலத்தில் அவளிடமே ஒரு ரோல் இருந்தது.

"பாத்தீங்களா, கடைக்குக்கூட அலைய வேண்டாம். நம்ம நேரம் நல்லா இருக்கு" என்றாள். கணவர் இருமினார்.

கோணலாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று முதலில் இடது கையால் கட்டிப் பார்த்தாள். விரலைச் சூடான பசையில் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். கிளிப் இன்னும் நேர்த்தியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கட்டினாள். கண்ணைத் திறந்தபோது கிளிப் மேஜை விரிப்போடு ஒட்டியிருந்தது. பிடித்து இழுத்ததில் தண்ணீர்க் கூஜா கவிழ்ந்து ரிப்பனில் கால்வாசி நனைந்தது. நனைந்ததை ஒதுக்கிவிட்டு, வாலைக் கருக்குவதற்கு மெழுகுவத்தி ஏற்றினாள். வாலோடு இரண்டு காதும் எரிய, அதைத் தூக்கி எறிந்ததில் ஜன்னல் திரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

"டீச்சருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடேம்மா" என்றார் மாமியார், ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே.

"அவங்க கிளாஸ்ல இருப்பாங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்று அடுத்த அறையிலிருந்து அவசரமாகக் கணவரின் குரல் வந்தது.

"அவர் சொல்றது சரிதான் அத்தை. கேட்டா, இவ மறுபடியும் மாத்தப் பாக்குறான்னு நினைப்பாங்க."

கணவர் வெளியே வந்தார். இரண்டு நாளாகவே அவர் சட்டை கசங்கித்தான் இருக்கிறது. மேஜை இல்லாததால் பாவம் இஸ்திரி போடாமலே போகிறார் என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"ஏம்மா, கொஞ்சம் நேரா இருந்தாத்தான் என்ன? உன் இஷ்டத்துக்கு அழகா பண்ணேன். டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நீங்களே என்னைக் கெடுக்காதீங்க. இஷ்டத்துக்குப் பண்ணித்தான் மூணு ஆர்டர் போச்சு. சாம்பிள்ல எப்படி இருக்கோ அப்படித்தான்."

மீதி ரிப்பனை அளந்தாள். மிகச்சரியாக நாற்பதுக்கு இருந்தது. அதில் ஒன்றுகூட வீணாகக் கூடாது. அவள் கையோ பழகிய கை, கோணலுக்கு வளைய மாட்டேன் என்கிறது. பழகாத கை வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள், ஸ்பேனர் பிடித்துக் காய்ப்பேறிய கை எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கட்டுங்களேன்."

"எனக்கு இதெல்லாம் வராது. மோட்டார் ஒண்ணு பாக்கணும்."

"வராததுதான் வேணும். உக்காருங்க."

உட்கார்ந்தார். கட்டினார். வெட்டினார். மெழுகுவத்தியில் காட்டினார். இடது காது அரை விரல் நீளம், முடிச்சு சாய்ந்து, வால் கோணி, நுனி கருகி, சாம்பிளும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. "பத்து வருஷமா கூட இருக்கேன், இப்படி ஒரு கை இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அடுத்ததை நேரா கட்டிப் பாக்குறேன்" என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. மெய்யாகவே முயன்றார். அதுவும் கோணலாகவே வந்தது.

"அப்படியே இருக்கட்டும், கையை மாத்தாதீங்க" என்று அவள் பக்கத்திலேயே காவல் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடுப்பு போட வைத்து நாற்பதையும் முடித்தாள். சனிக்கிழமை காலை இருவரும் டான்ஸ் வகுப்புக்குப் போனார்கள். கணவர் மட்டும் மாடி ஏறவில்லை. "வண்டியைப் பாத்துக்கிறேன், நீ போ" என்று ஸ்கூட்டரைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டீச்சர் பெட்டியைத் திறந்தார். ஒரு கிளிப்பை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மூன்றாவதை எடுத்தார்.

ரிப்பன் அக்கா நிமிர்ந்து நின்றாள். கைப்பையிலிருந்து சாம்பிளை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினாள்.

"இப்ப இதுல உங்க சாம்பிள் எதுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம் டீச்சர். என் இஷ்டத்துக்கு ஒரு நூல்கூட மாத்தல."

டீச்சர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். அங்கே ஸ்கூட்டர் கிளம்பிக்கொண்டிருந்தது.

"சட்டைப் பையில வச்சு இஸ்திரி போட்டதுல சாம்பிள் உருகிப்போச்சுன்னு உங்க வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமையே வந்து சொன்னாரே" என்றார் டீச்சர். "பரவாயில்ல, சாம்பிளே வேண்டாம், அவங்க இஷ்டத்துக்கு என்ன தோணுதோ அப்படியே பண்ணட்டும்னு சொல்லி அனுப்பினேனே, சொல்லலையா?"