சாமைக் குவியலில் விழுந்த கோட்டை

எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று தெரியாதவன் படிக்காமலே இருப்பது ஊருக்கு நல்லது. எண்பதுகளின் தொடக்கத்தில், மூன்று தடிப் புத்தகங்களின் துணையோடு, வேலூர்க் கோட்டையை இரண்டாவது முறையாக வெள்ளைக்காரனிடம் தோற்றவன் நான். (முதல் தடவை தோற்றதற்கு நான் பொறுப்பில்லை.)

அப்போது எனக்கு ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியர் வேலை. சொந்த ஊர் கீழே கலசப்பாக்கம். மலையில் சினிமா கொட்டகை கிடையாது, பஸ் வந்தால் வந்தது, குளிரில் பல் தந்தியடிக்கும். எப்படியாவது கீழே மாறுதல் வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வாழ்க்கையில் வேறு லட்சியமே இல்லை. அந்த நேரம் பார்த்து, ஆண்டு விழாவுக்குக் கல்வி அதிகாரி வருவதாகத் தலைமையாசிரியர் சொன்னார். வழக்கமான நாடகம் வேண்டாம் என்று நான் முந்திக்கொண்டேன். வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியைத் தரையில் வரைந்து, இரண்டு பேர் இரண்டு படைகளை நகர்த்தி, சிப்பாய்கள் ஜெயித்திருக்க முடியுமா என்று ஆடிப் பார்க்கலாம் என்றேன். அதிகாரி அசந்துபோய் அங்கேயே மாறுதலுக்குக் கையெழுத்துப் போடுவார் என்பது என் கனவு.

சிப்பாய்களுக்கு நான் தளபதி. வெள்ளைக்காரர்களுக்கு அறிவியல் ஆசிரியை வசந்தா. ஒடுகத்தூர்க்காரர். அதிகம் பேச மாட்டார். (அப்போது.)

போர் என்றால் போர் நூல்கள் வேண்டாமா? வேலூருக்கு பஸ் ஏறினேன். கோட்டைக்கு எதிரே நடைபாதையில் ஒரு பழைய புத்தகக் கடை. கோட்டைக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, அந்தக் கோட்டையைப் பற்றிப் படிக்கப் புத்தகம் பொறுக்கினேன். திரும்பிப் பார்த்திருந்தால் அகழியும் மதிலும் கதவும் இலவசமாகத் தெரிந்திருக்கும். நான் திரும்பவில்லை.

தேர்வுக்கு எனக்கென்று ஒரு முறை இருந்தது. கனமாக இருக்க வேண்டும், வரைபடத்தில் அம்புக்குறிகள் நிறைய இருக்க வேண்டும், அட்டையில் இருக்கும் தளபதிக்கு மீசை இருக்க வேண்டும். கடைக்காரர் வேலூர்க் கோட்டையைப் பற்றி ஒரு மெலிந்த தமிழ்ப் புத்தகத்தை நீட்டினார். அதில் ஒரு மீசைகூட இல்லை. வேண்டாம் என்றேன். மூன்று ஆங்கிலத் தடியன்களைச் சுமந்துகொண்டு மலையேறினேன். முதல் புத்தகத்தில் பனியில் எப்படிப் படை நடத்துவது என்று இருந்தது. இரண்டாவதைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் கப்பல். மூன்றாவது மட்டும் கோட்டை முற்றுகையைப் பற்றியது. கோட்டைகள் பீரங்கியால் விழுவதைவிடப் பசியால் விழுவதே அதிகம் என்று அதில் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சிப்பாய்கள் ஒரே நாளில் தோற்றது எனக்குத் தெரியும், பாடம் நடத்துகிறவனே நான்தான். ஆனால் நான் தலைமை ஏற்றால் போர் மாதக்கணக்கில் நீளும் அல்லவா? தானியம் வேண்டும்.

விழா நாளில் பள்ளியை ஒட்டிய களத்தில் சாம்பலால் கோடு போட்டுக் கோட்டைச் சுவர் எழுப்பினேன். வாசலுக்கு இடைவெளி விட்டு, கதவுக்கென்று ஒரு மூங்கில் குச்சியைப் பக்கத்தில் வைத்தேன். புளியங்கொட்டைகள் சிப்பாய்கள். அம்மாவுக்காக வாங்கி வைத்திருந்த ஒரு மூட்டைச் சாமையைக் கோட்டை நடுவில் குவித்தேன். கோட்டையை மீட்க ஆற்காட்டிலிருந்து வரும் வெள்ளைக்காரக் குதிரைப்படைக்கு வசந்தா ஆமணக்கு விதைகளை வைத்திருந்தார். சோழி உருட்டி நகர வேண்டும், அவருடைய குதிரைகள் உள்ளே வந்துவிட்டால் கோட்டை அவருடையது. இவ்வளவுதான் விதி.

ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அதிகாரி நாற்காலியில் முன்னால் சாய்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். சோழியும் என் பக்கம்தான் விழுந்தது. பாதிப் போர் நடக்கும்போது, பக்கத்து ஊர் விவசாயி சடையன் துண்டை விரித்துக்கொண்டு கோட்டை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சார், களம் போட்டுகீறீங்க, ஒரு வார்த்த சொல்லவே இல்ல?" என்றார்.

களத்தில் குவியல், சுற்றிலும் சாம்பல் கோடு. மலையில் அறுவடையை அளக்கும் நாளில் இப்படித்தான் செய்வார்கள். அன்று களத்துக்கு வருகிற யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. இரண்டு வருஷம் அங்கே குப்பை கொட்டியும் எனக்கு இது தெரியாது. புத்தகத்தில் இல்லையே! இது போர்த் தளவாடம் என்று விளக்கப் பார்த்தேன். அவர் முகம் வாடியது. தலைமையாசிரியர் என் காதில், "குடுத்துடுங்க சார், இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று கிசுகிசுத்தார்.

கொடுத்தேன். பின்னாலேயே வரிசை நின்றுவிட்டது. அவசரமாக மூங்கில் குச்சியை எடுத்து வாசலை அடைத்தேன். சடையன் அதைப் பதமாக எடுத்து ஓரமாகப் போட்டார்.

"களத்துக்கு யாராச்சும் கதவு போடுவாங்களா சார்?"

கூட்டம் சிரித்தது. ஒரு பாட்டம் வெட்கப்பட்டு முடித்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முறம் கேட்டு வாங்கி அள்ளி அள்ளிப் போட்டேன். வாங்கினவர்கள் எல்லாம் களம் நிறையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். என் ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தோற்றதில்லை. நிமிர்ந்து பார்த்தால், திறந்த வாசல் வழியாக ஆற்காட்டுக் குதிரைகள் முழுவதும் உள்ளே வந்து, குவியல் இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தன.

"சிப்பாய்ங்களும் கதவ சரியா மூடாமதான் சார் தோத்தாங்க. கோட்டைக்குப் போயி பாத்துட்டு வந்தேன்" என்றார் வசந்தா.

அதிகாரியும் கைக்குட்டையை நீட்டித் தன் பங்கை முடிந்துகொண்டார். மாறுதல் மனுவை அந்தச் சூட்டோடு சூடாக நீட்டினேன். படித்துவிட்டு என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். "இந்த ஊரு ஜனங்க உங்கமேல உசுரா கீறாங்க. உங்கள கீழ அனுப்பிட்டு நான் இன்னொருத்தர எங்க போயி தேடறது?"

மலையிலேயே இருந்தேன். அடுத்த தை மாதம் வெள்ளைக்காரப் படைத்தலைவியைக் கல்யாணம் செய்துகொண்டேன். சடையன் ஒரு மூட்டைச் சாமையோடு வந்தார். இன்றைக்கும் நான் தெருக்கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்தால், வசந்தா சமையலறையிலிருந்து ஒரே கேள்விதான் கேட்பாள். இப்போது பேத்தியும் கற்றுக்கொண்டுவிட்டது.

"தாத்தா, ஆற்காட்டுக் குதிர வரப்போவுது. வூட்டுக் கதவ மூடினியா?"