எனக்காகச் செய்த மரண ஜெபம்

தியாகம் செய்கிறவனுக்கு ஒரு வாடை உண்டு. அலங்காரமாகச் சொல்லவில்லை, குளிக்காத வாடையைத்தான் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அது என்னிடம் தாராளமாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கோட்டாற்றில் வாடகை வீடு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. என் மனைவி எஸ்தர் மகளைப் பெற்றெடுத்த கையோடு கடும் காய்ச்சலில் விழுந்தாள். காய்ச்சல் இறங்கியபோது கால்கள் இரண்டும் விளங்காமல் போயிருந்தன. கைகளில் மட்டும் கொஞ்சம் பலம் மிச்சம். குழந்தையை மாமியார் அருமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டில் மிஞ்சியது நானும் அவளும் ஒரு கட்டிலும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னார்: "கையால முடிஞ்சதை எல்லாம் அவளே செய்யட்டும். நீரும் நேரத்துக்குத் தின்னு உறங்கணும், கேட்டீரா?" இரக்கமில்லாத மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

என் அக்காவும் கேட்டாள். "ஏலே, எடைக்கிடை நான் வந்து அவளைப் பாத்துக்கிடுதேன்."

"எம் பெண்டாட்டிய எனக்குப் பாக்கத் தெரியும்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். (நிமிர்த்துவதற்கு அப்போது நெஞ்சு என்று ஒன்று இருந்தது.)

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் பெரிய அற்புதம். அவள் மிச்சம் வைத்த கஞ்சியை நின்றபடியே குடித்தேன். சவரம் செய்வதை விட்டேன். அவள் லேசாக இருமினால் பாயிலிருந்து துள்ளி எழுந்தேன். "இப்படி ஒரு மாப்ள யாருக்குக் கிட்டும்?" என்று தெருப் பெண்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்டதுபோல் இருந்தது. அதனால் நிஜச் சாப்பாட்டை இன்னும் குறைத்தேன்.

எஸ்தர் தினமும் சீப்பைக் கேட்பாள். "இஞ்ச தாங்க, நானே சீவுதேன்."

"நீ எதுக்குக் கெடந்து கஷ்டப்படணும்?" என்று நானே சீவிவிடுவேன். நான் எடுத்த வகிடு கோட்டாற்றுச் சந்துபோல முக்குக்கு முக்கு திரும்பும். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சபைக்குப் புதிதாக வந்த போதகர், ஆராதனை முடிந்ததும் நோயாளிக்கு அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுக்க எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவர் எங்களை முன்பின் பார்த்ததில்லை. நான் வீட்டைக் கழுவினேன். எஸ்தரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை கட்டி, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தேன். என் சட்டையில் மட்டும் முந்தின நாள் கஞ்சி அப்படியே காய்ந்திருந்தது. வயிற்றில் அதுகூட இல்லை. போதகர் வருமுன் இந்தப் பாயில் கொஞ்சம் சாயலாம் என்று உட்கார்ந்தது நினைவிருக்கிறது. பிறகு ஒன்றும் நினைவில்லை.

நினைவு திரும்பியபோது தலைமாட்டில் ஒரு கனத்த குரல்.

"ஆண்டவரே, கரை சேரப்போகிற இந்த அடியானை ஏற்றுக்கொள்ளும். இளம் வயதில் விதவையாகப்போகிற இந்த மகளுக்குத் துணையாயிரும்."

யாரோ பாவம் போகிறான் என்று இரக்கப்பட்டேன்.

நடந்தது இதுதான். உள்ளே வந்த போதகர், நாற்காலியில் வெளுத்த சேலையோடு ஒரு பெண்ணையும், பாயில் வாயைப் பிளந்தபடி தாடியோடு ஓர் உருவத்தையும் கண்டார். நோயாளி யாரென்று கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. முழங்காலிட்டுக் கண்ணை மூடிவிட்டார். எஸ்தர் கத்தியிருக்கிறாள்: "அய்யா! சீக்காளி அவிய இல்ல, நானாக்கும்!" துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று அவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

அந்த அடியான் நானே என்று புரிந்ததும் திடுக்கிட்டு எழுந்தேன். என் தலை அவர் தாடையில் மோதியது. அவர் கையிலிருந்த திராட்சரசக் குப்பி என் மார்பில் கவிழ்ந்தது. மறுபடி தலைசுற்றி மல்லாந்தேன். அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்தவர் பக்கத்து வீட்டு பாத்துமா அக்கா. வாத்தியார் மார்பெல்லாம் சிவப்பு. பக்கத்தில் தாடையைப் பிடித்தபடி ஒரு போதகர்.

"ஐயோ, வாத்தியாரு போயிட்டாரே!"

அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. செய்தி மத்தியான பஸ்ஸில் ஏறி அருமனை வரை போனது.

உயிர் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்ததும் பாத்துமா அக்காதான். ஓடிப்போய் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்தார். "இதைக் குடிச்சிட்டுப் பெறவு சாவும்" என்றார். குடித்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு எஸ்தர் அழுதாள். சும்மா அழவில்லை, கோபத்தில் அழுதாள்.

"நீங்க விழுந்ததை நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு கை தண்ணி எடுத்து ஒங்க மொகத்துல தெளிக்க எனக்கு முடியும். செம்பை எங்க வச்சிருக்கிய, பாருங்க."

பார்த்தேன். செம்பு அடுக்களை மாடத்தில் இருந்தது. சீப்பு, துவாலை, அவள் கண்ணாடி, எல்லாமே அவள் கைக்கு எட்டாத இடங்களில். நான்தான் எடுத்துக் கொடுக்க இருக்கிறேனே!

"காலு தானாப் போச்சு. கையை நீங்க போக்காட்டுதிய" என்றாள். "நீங்க செத்தா என்னைத் திருப்பிப் போட யாரு உண்டு? அந்தப் பிள்ளைக்கு யாரு உண்டு?"

 எழுந்துபோய்ச் சீப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு சிக்காக, வெகுநேரம் சீவினாள். வகிடு என்னுடையதைவிட மோசம். அழகாக இருக்கிறது என்றேன்.

மறுநாள் காலையில் அருமனையிலிருந்து மைத்துனன் இரவல் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தான். நான் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தேன்.

"அத்தான், நீங்க சாவலியா?" என்றான். குரலில் ஒரு சிறு ஏமாற்றம் இருந்தது என்று எஸ்தர் கடைசிவரை சாதித்தாள்.

அக்காவை நானே போய்க் கூப்பிட்டேன். அவள் வருகிற நாட்களில் பழையாற்றில் முங்கிக் குளித்துவிட்டு, டீக்கடையில் கொஞ்சநேரம் வெட்டிப்பேச்சு பேசிவிட்டு வருவேன். முதலில் திருடப் போகிறவன்போலக் குறுகுறுப்பாக இருந்தது. திரும்பி வந்தால், கட்டிலில் சாய்ந்தபடி உள்ளி உரித்துக்கொண்டிருப்பாள் எஸ்தர். தெருவில் கேட்ட வம்பெல்லாம் அவளுக்கு ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். மகளையும் அழைத்து வந்துவிட்டோம். அவளுக்குப் பின்னல் போட்டுவிட்டவை எஸ்தரின் கைகள்தான்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் எஸ்தருக்கு நெஞ்சில் சளி கட்டியது. இம்முறை ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அதே போதகர் வந்தார். நான் குளித்து, சாப்பிட்டு, சலவைச் சட்டை போட்டு நின்றிருந்தேன். அவர் ஜெபத்துக்குக் கண்ணை மூடப்போகும்போது எஸ்தர் மெல்லக் கையைத் தூக்கினாள். மூச்சு வாங்க ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"அய்யா, இந்தத் தடவை நான்தான்."

போதகர் சிரித்தார். பிறகு அவருக்கு ஜெபம் வரவில்லை.  ஆமென் மட்டும் சொன்னார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் டாக்டர் வந்தால் படுத்திருக்கிற ஆள் கையைத் தூக்கி, "அய்யா, நான்தான்" என்று சொல்லியாக வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு அதில் அப்படி ஒரு சிரிப்பு. நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று மகளைக் கேட்பேன்.